இரவல் போன தூக்குவாளி

உலகநாதன் மாஸ்டர் பதினான்கு நாடுகளுக்குப் போய்வந்தவர், பதினான்கிலும் அவர் பார்த்தது அடுப்பை மட்டும்தான். திருச்சியில் ஒரு சுற்றுலாக் கம்பெனி இருந்தது, வருடத்துக்கு மூன்று தடவை அது நாற்பது பேரைத் திரட்டிக்கொண்டு கடல் தாண்டிக் கிளம்பும், அந்த நாற்பது பேரும் எந்தக் கண்டத்தில் இறங்கினாலும் மத்தியானம் ஒரு மணிக்குச் சாம்பார், ரசம், தயிர்சாதம் என்று வரிசையாகத் தட்டில் விழாவிட்டால் உலக அதிசயமே எதிரில் வந்து நின்றாலும் திரும்பிப் பார்க்காத ரகம், ஆகையால் கூடவே ஒரு சமையல்காரரையும் அவருடைய மசாலா டப்பாக்களையும் விமானத்தில் ஏற்றிவிடுவது கம்பெனியின் வழக்கம். அவர்கள் பிரமிடைப் பார்த்து வாயைப் பிளந்தபோது மாஸ்டர் கத்திரிக்காயைப் பிளந்துகொண்டிருந்தார். அவர்கள் இரும்புக் கோபுரத்தில் ஏறி நின்று படமெடுத்தபோது அவர் அதே ஊரில் ஏதோ ஓட்டலின் பின்பக்கத்தில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தார். குளித்தலைக்குத் திரும்பி வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் அவர் மனைவி தையல்நாயகி, "என்ன பாத்தீங்க?" என்று கேட்பாள், அவரும் யோசித்து யோசித்து, அந்த ஊரில் அடுப்பு குட்டை, குனிந்தே இடுப்பு போயிற்று என்பார். தையல்நாயகி கரூரைத் தாண்டிப் போகாதவள். போய்வந்த மனுஷனிடமிருந்து ஒரு நல்ல கதைகூடக் கிடைக்கவில்லையே என்று அவளுக்கு வருத்தம், அவளைவிட அவருக்குத்தான் வெட்கம் அதிகம்.

அவள் அடுத்துக் கேட்பது தூக்குவாளியை. அது அவள் பிறந்த வீட்டுச் சீராக வந்த எவர்சில்வர் தூக்குவாளி, அவளுடைய அப்பா கடைக்காரனை உட்காரவைத்து வயிற்றுப் பக்கம் புள்ளி புள்ளியாகத் 'தையல்நாயகி' என்று பேர் வெட்டிக் கொடுத்தது. முப்பத்தொரு வருடமாக அந்த வீட்டில் உறை தீர்ந்தது என்று ஒருநாள் கிடையாது, இன்றைய தயிர் நாளைய பாலுக்கு உறை, அதில் எப்போதும் ஒரு மிளகாய்க் காம்பு மிதக்கும், காம்பு இருந்தால்தான் தயிர் கெட்டியாகத் தோயும் என்பது அவள் கணக்கு. ஒவ்வொரு பயணத்துக்கும் அந்த உறையைத் தூக்குவாளியில் ஊற்றி அவள்தான் கொடுத்தனுப்புவாள். அவர் வெளிநாட்டுப் பாலிலெல்லாம் அதைத் தோய்த்து, தோய்த்து, நாற்பது வயிறுகளைக் குளிரவைத்து, கடைசி நாள் தயிரை அதே வாளியில் வீட்டுக்குக் கொண்டுவருவார். அவள் மூடியைத் திறந்து ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கிடைக்கும்.

பதினைந்தாவது நாடு ஜப்பான். மலையடிவாரத்தில் மிசுஹாரா என்றொரு சின்ன ஊர், தெருவுக்கு இரண்டு பக்கமும் மஞ்சள் இலை உதிர்க்கிற மரங்கள், தெருக்கோடியில் ஒரு சரித்திர மியூசியம். அன்றைக்கு ஓட்டல்காரர்கள் விடிகாலை நாலு மணி முதல் ஏழு மணி வரைக்கும்தான் சமையலறையைத் தருவோம் என்று சொல்லிவிட்டதால், மாஸ்டர் மத்தியானச் சாப்பாட்டை அப்போதே சமைத்து ஹாட்பாக்ஸ்களில் அடைத்துப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். ஆக, பத்தரை மணிக்கு அவருக்கு வேலை இல்லை. கால் வீங்கிப்போன ஒரு மாமா ஓட்டலிலேயே படுத்துவிட்டதால் ஒரு டிக்கெட்டும் மிச்சம் இருந்தது. டூர் மேனேஜர் ராயப்பன் அதை அவர் கையில் திணித்து, நீங்களும்தான் ஒரு தடவை உள்ளே வாங்களேன் மாஸ்டர் என்றார். மாஸ்டருக்கு உடம்பெல்லாம் கூசியது. பஸ்ஸின் ஹீட்டர் சூட்டில் உறை புளித்துவிடும் என்று தூக்குவாளியையும் எடுத்துக்கொண்டு இறங்கினார்.

வாசலில் இருந்த கிமுரா அம்மாள், சாம்பல் நிறச் சீருடையும் வெள்ளைக் கையுறையும் போட்ட அறுபது வயதுக்காரி, வாளியைப் பார்த்ததும் சாப்பாட்டுச் சாமான் உள்ளே கூடாது என்று பணிவாகக் கைகாட்டினாள். வழிகாட்டி மிசாக்கி குறுக்கே வந்தாள். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஜப்பான் கம்பெனியில் ஆறு வருடம் வேலை பார்த்தபோது கேன்டீன் பெண்களிடம் தமிழ் கற்றுக்கொண்டவள் அவள், பேச்சு மட்டும்தான், எழுத்து தெரியாது. அது சாப்பாடு இல்லை, சாப்பாட்டுக்கு விதை என்று மிசாக்கி எடுத்துச் சொல்ல, தயிர் என்றால் என்ன என்று கிமுரா அம்மாள் கேட்டாள், அவள் பிறந்த ஊரில் அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லையாம். ஆனால் தன் மாமியார் கொடுத்த, காய்களை ஊறுகாயாக்கப் புதைத்து வைக்கிற புளித்த தவிட்டை நாற்பது வருடமாகத் தினமும் கையால் கிளறிக் காப்பாற்றுகிறவள் என்பதால் விதை என்ற சொல் அவளுக்குப் பிடிபட்டது. குனிந்து ஒரு கும்பிடு போட்டு வழிவிட்டாள், கும்பிடு வாளிக்குத்தான்.

வாள்களையும் கவசங்களையும் மாஸ்டர் கல்யாண வீட்டில் தெரியாத சொந்தக்காரர்களைக் கடப்பதுபோல ஒரு சிரிப்போடு கடந்துபோனார். மூன்றாவது அறையில் கால் நின்றுவிட்டது. இருநூறு வருடத்துக்கு முந்தைய ஒரு வியாபாரி வீட்டுச் சமையலறையை அப்படியே கட்டி வைத்திருந்தார்கள், மண் அடுப்பு, கனத்த மரமூடி போட்ட சோற்றுப் பானை, அடுப்பின் முன்னால் ஊதாங்குழலை வாயில் வைத்துக் குந்தியிருக்கும் மரப்பொம்மைப் பெண். பதினைந்து நாடுகளில் அவர் பார்த்த முதல் காட்சிப்பொருள் ஊதாங்குழல், பார்த்ததும் தெரிந்துவிட்டது, அதுவே அவருக்குப் பெரிய சந்தோஷம். பின்கதவுப் பக்கம் இன்னொரு பொம்மை நின்றது. கிண்ணம் ஒன்றை இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு, கொஞ்சம் குனிந்து, கொஞ்சம் சிரித்து. அண்டை வீட்டுப் பெண், இரவல் கேட்க வந்திருக்கிறாள் என்று பலகையில் எழுதியிருப்பதாக மிசாக்கி சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனாள். மியூசியம் திறந்து இருபத்தாறு வருடம். இருபத்தாறு வருடமாக அடுப்புக்காரி நெருப்பை ஊதிக்கொண்டிருக்கிறாள், வந்தவளை ஏறிட்டும் பார்க்கவில்லை.

மாஸ்டருக்கு அது பொறுக்கவில்லை. நாற்பது வருடமாகப் பந்தியில் நின்றவருக்கு நீட்டிய பாத்திரம் காலியாக இருந்தால் கை தானாக எழும், அதை மூளையைக் கேட்டுக்கொண்டு செய்கிற பழக்கம் கிடையாது. தடுப்புக்குக் கட்டியிருந்த கயிற்றுக்கு மேலாகக் குனிந்து கிண்ணத்தைப் பார்த்தார், அடியில் விரிசல், ஊற்றினால் நிற்காது. ஆகவே தூக்குவாளியையே அவள் கையில் வைத்து, ஊரில் எந்த வீட்டுப் பின்வாசலிலும் சொல்வது போலவே சொன்னார்.

"வாளியோட கொண்டுபோங்க தாயி. ஊத்திக்கிட்டு மெதுவாக் கொண்டாந்து குடுங்க, ஒண்ணும் அவசரமில்ல."

அந்தப் பெண் தலைகுனிந்து வணங்கினாள். கிண்ணத்தைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் இருந்த முக்காலியில் வைத்தாள், வாளியை மார்போடு அணைத்துக்கொண்டாள், பின்கதவைத் திறந்து வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது கதவைச் சாத்திக்கொண்டு போனாள், நல்ல வளர்ப்பு.

பின்னாலேயே நின்றிருந்த பங்கஜவல்லி டீச்சர், முப்பது வருடம் பெண்கள் பள்ளியில் ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்தவர், எல்லாவற்றையும் பார்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, நாளைக்குத் தயிருக்கு என்ன மாஸ்டர் செய்வீங்க என்பது. அப்போதுதான் மாஸ்டர் கணக்குப் போட்டார். இன்னும் ஆறு நாள் பாக்கி. நாலு மணிக்குப் பஸ், ஐந்து பத்துக்கு ரயில், அதை விட்டால் நாற்பது பேரும் தனித்தனியாகத் தவிக்க வேண்டியதுதான். வாளியோ தையல்நாயகியுடையது. இவரோ அவசரமில்லை என்று வாயால் சொல்லிவிட்டார்.

கிமுரா அம்மாள் வந்து காலியிடத்தைப் பார்த்தாள், முக்காலியில் இருந்த கிண்ணத்தைப் பார்த்தாள், இயக்குநர் மொரிதாவைக் கூப்பிட்டாள். மெலிந்த, கண்ணாடி போட்ட அந்த மனுஷர் கதவைத் திறந்து பார்த்தார், பின்னால் எப்போதும் போலச் செங்கல் சுவர். கேட்க வந்தது கிடைத்துவிட்டால் யார்தான் நிற்பார்கள் என்றார் அவர், இவ்வளவு நாள் நின்றதே பெரிது. தங்கள் மியூசியத்துப் பெண் விருந்தாளியின் பாத்திரத்தைக் கொண்டுபோனதற்காக மாஸ்டரிடம் மூன்று தடவை குனிந்து மன்னிப்புக் கேட்டார், தங்கள் மியூசியத்துப் பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவிட்டதற்காக மாஸ்டர் நான்கு தடவை குனிந்து மன்னிப்புக் கேட்டார். பிறகு கிமுரா அம்மாள் அழகான கையெழுத்தில் ஒரு சீட்டு எழுதி பலகையில் ஒட்டினாள். 'தற்சமயம் வீட்டுக்குப் போயிருக்கிறார்.' அடுத்து வந்த ஒரு தம்பதி அதைப் படித்துவிட்டு, அப்படியா என்று தலையாட்டிக்கொண்டு நகர்ந்தார்கள்.

அவள் வீடு தூரமா என்று ராயப்பன் கேட்டார். மிசாக்கி விசாரித்துவிட்டு வந்து, "தூரந்தான் சார், இருநூறு வருஷம்" என்றாள்.

அதற்குப் பிறகு திருச்சிக் கூட்டம் சமையலறைக்கு முன்னால் கூடி நின்று வாதாடியது. கதவைத் தட்டி மிசாக்கியை விட்டுக் கூப்பிடலாம், ஒரு குரல்தானே என்றது ஒரு கட்சி. கொடுத்த ஒரு மணி நேரத்தில் பாத்திரத்தைத் திருப்பிக் கேட்டால் நம்மைப் பற்றி அந்தப் பெண் என்ன நினைப்பாள், இந்தியாக்காரர்கள் இவ்வளவுதானா என்று இருநூறு வருடமும் பேச மாட்டார்களா என்றது இன்னொரு கட்சி. யார் பேசினாலும் கடைசியில் எல்லோரும் மாஸ்டரின் முகத்தைப் பார்த்தார்கள். மிசாக்கி அவர் பக்கத்தில் வந்து, "இன்னா மாஸ்டர், பேஜாரா கீறீங்க? நான் ஒரு சவுண்டு வுடட்டா?" என்று கேட்டபோது, அவர் வேண்டாம் என்று தலையாட்டினார்.

"வேணாம்மா. அவசரமில்லன்னு நாந்தான சொன்னேன். இப்பப் போயி அவசரம்னு சொன்னா, அப்பச் சொன்னது பொய்யின்னு ஆயிரும்."

குளித்தலைக்குப் போன் போட்டார். தையல்நாயகி இட்லித் தட்டோடு நின்று முழுதும் கேட்டாள். பொம்மை போனதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, அவளுக்கு அதில் சந்தேகமில்லை. கேட்டு வந்தவளுக்கு இல்லை என்று சொல்லாமல் கொடுத்தது சரிதான் என்றாள். பிறகு இட்லித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, அது எங்கப்பா பேர் வெட்டிக் கொடுத்தது, அது இல்லாமல் வீட்டுக்கு வராதீங்க என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மத்தியானம் மியூசியத்துத் தோட்டத்தில் மஞ்சள் மரத்தடியில் பந்தி நடந்தது. மாஸ்டர் பரிமாறினார், கை பரிமாறியது, கண் மூன்றாவது அறையின் ஜன்னலிலேயே இருந்தது. சாப்பிட்டு எழுந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போய்ச் சீட்டு இன்னும் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து, வந்துருவா மாஸ்டர் என்றார்கள், ஆஸ்பத்திரி வாசலில் சொல்கிற மாதிரி.

இரண்டு மணிக்குக் கிமுரா அம்மாள் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து தன் டிபன் பெட்டியைத் திறந்தாள். வெள்ளைச் சோறு, நடுவில் சிவப்பாக உப்புப் பழம் ஒன்று, மூலையில் மூடி போட்ட சின்னக் கிண்ணம். அவள் கிண்ணத்தைத் திறந்து, அதில் இருந்ததைச் சோற்றின் மேல் கவிழ்த்து, குச்சிகளால் பிசைய ஆரம்பித்தாள். கட்டித் தயிர். மாஸ்டர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே போனார். தயிரின் ஓரத்தில் ஒரு மிளகாய்க் காம்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

மிசாக்கியை வைத்துக்கொண்டு இது என்ன என்று அவர் கேட்டார். கிமுரா அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தயிர் தெரியாதா உங்களுக்கு, என்று இரங்கி, பொறுமையாக விளக்கினாள். தன் மாமியார் கொடுத்தது, மாமியாருக்கு அவள் மாமியார், இந்த ஊரில் தயிர் இல்லாத வீடு ஏது, பக்கத்து ஊர்க்காரர்கள்கூட எங்களைப் புளிப்பு வாய்க்காரர்கள் என்று கேலி செய்வார்களே என்றாள். காம்பு எதற்கு என்று கேட்டதற்கு, எதற்கென்று தெரியாது, போடாமல் இருந்ததில்லை என்றாள். காலையில் நீங்கள்தானே தயிர் என்றால் என்ன என்று என்னிடம் கேட்டீர்கள் என்றாள் மிசாக்கி. கேட்டேனா, கேட்டிருப்பேன், காலையில் தெரியாதது மத்தியானம் தெரியக்கூடாதா என்றாள் கிமுரா அம்மாள். பிறகு ஒரு வாய் எடுத்து மாஸ்டரின் உள்ளங்கையில் வைத்தாள். அவர் நாக்கில் வைத்துப் பார்த்தார். அவருடைய வீடு, பின்கட்டு, தையல்நாயகியின் கை எல்லாம் அதில் இருந்தது, மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது, அவர் அதை மறைக்கவும் இல்லை.

அதற்குள் ஊர் மாறிக்கொண்டிருந்தது, அல்லது எப்போதும் அப்படியே இருந்தது. தெரு முனையில் பலகாரக் கடைக்காரர் வடிகட்டிய தயிர் உருண்டைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். சலூன்காரர் ஒருவருக்குத் தலையில் தயிர் தேய்த்து ஊறவைத்திருந்தார். காலையில் அதே தெருவில் நடந்த பங்கஜவல்லி டீச்சர் இதெல்லாம் அப்போது இல்லை என்று சத்தியம் செய்தார், ஊர்க்காரர்கள் அவரைப் பாவம் பார்த்து ஒரு உருண்டை கொடுத்தார்கள். அவர் இரண்டாவது கேட்டு வாங்கித் தின்றார்.

மூன்றே கால் மணிக்கு இயக்குநர் மொரிதா தோட்டத்துக்கு ஓடிவந்தார், ஓடிப் பழக்கமில்லாதவர், மூச்சு வாங்கியது. காலையிலிருந்து மனதில் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது, இப்போதுதான் புரிந்தது, தயவுசெய்து நான்காவது அறைக்கு வாருங்கள் என்றார். திருச்சிக் கூட்டம் முழுக்க எழுந்தது. எப்படித்தான் தெரிந்ததோ, பலகாரக் கடைக்காரர், சலூன்காரர், தலையில் தயிரோடு இருந்த அந்த ஆள், தெருவே பின்னால் வந்தது.

நான்காவது அறையின் நடுவில் ஒரே ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே நீலப் பட்டின் மேல் தூக்குவாளி இருந்தது. கைப்பிடி மூன்று தடவை மாற்றப்பட்டிருந்தது, இப்போது இருப்பது மூங்கில், மூடியில் ஒரு நசுங்கல், அடியில் அரக்குப் பூச்சு. மற்றபடி பளபளவென்று இருந்தது, எவர்சில்வர் ஆயிற்றே. பலகையில் இருந்ததை மிசாக்கி மெதுவாக, வார்த்தை வார்த்தையாகத் தமிழில் சொன்னாள். "இது நம்ம ஊர் சாமான் இல்ல, இரவல். அக்கம்பக்கத்துல ஒரு அம்மா வாங்கியாந்தாங்க. குடுத்தவர் அவசரமில்லன்னு சொன்னாரு. அதனால பத்திரமா வெச்சுக்கினு கீறோம்."

வருடத்துக்கு ஒரு வீடு என்று இருநூறு வருடம் அந்த வாளி ஊரைச் சுற்றியிருக்கிறது. எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த வீட்டில்தான் அந்த வருடம் ஊருக்கே உறை. தீ பிடித்தபோது முதலில் வெளியே வந்தது வாளி, வெள்ளம் வந்தபோது முதலில் மேலே ஏறியது வாளி. சாகப்போகிற கிழவர்கள் பிள்ளைகளிடம், அவர் வந்து கேட்டால் சும்மா கொடுக்காதே, நிரப்பிக் கொடு என்று சொல்லிவிட்டுச் செத்தார்கள். மொரிதா இதையெல்லாம் சொல்லிக்கொண்டே கண்ணாடிப் பெட்டியைக் கைக்குட்டையால் துடைத்தார். ஒரே ஒரு விஷயம்தான் யாருக்கும் புரியவில்லை என்றார், வயிற்றில் இருக்கும் இந்தப் புள்ளிகள். நட்சத்திர வரைபடம் என்று ஒரு பேராசிரியர் புத்தகமே எழுதியிருக்கிறார், மழைக் குறிப்பு என்று இன்னொருவர் அவரோடு பதினெட்டு வருடம் சண்டை.

மாஸ்டர் கண்ணாடிக்கு அருகில் போனார். இருநூறு வருடக் கைகள் தேய்த்துத் தேய்த்துப் புள்ளிகள் மங்கியிருந்தன, ஆனால் படிக்க முடிந்தது.

"தையல்நாயகி," என்றார். "என் வீட்டுக்காரி பேரு."

மிசாக்கி அதை எடுத்துச் சொன்னதும் மொரிதா அந்தப் பேரைச் சொல்லிப் பார்த்தார், நாக்கு முதலில் வழுக்கி, அப்புறம் பிடித்துக்கொண்டது. கிமுரா அம்மாள் சொன்னாள். சலூன்காரர் சொன்னார். தெரு முழுக்கச் சொன்னது, சின்னக் குரலில், குருவிக்காரர் கடையில் குருவிகள் மாதிரி, தாயரு, தையரு, தையல்நாயகி. கல்யாணமான முப்பத்தொரு வருடத்தில் மாஸ்டர் தன் மனைவியை ஏய், இங்க பாரு என்றே கூப்பிட்டு வந்தவர். இத்தனை வாய்கள் அவள் பேரைச் சொல்வதைக் கேட்டு அவருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

மொரிதா பெட்டியைத் திறந்தார். வாளியில் தயிரை வழிய வழிய ஊற்றி, மேலே ஒரு மிளகாய்க் காம்பு போட்டு, இரண்டு கையாலும் நீட்டினார். மாஸ்டர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார், வாங்காமல் இருந்தால் மரியாதை இல்லை. மணி மூன்று நாற்பது. ராயப்பன் நிம்மதியாக மூச்சு விட்டு எல்லோரையும் பஸ்ஸுக்குக் கிளப்பினார். ஊர்க்காரர்கள் சிரித்த முகத்தோடுதான் நின்றார்கள், ஆனால் எல்லோருடைய கண்ணும் காலியான நீலப் பட்டின் மேல் இருந்தது.

மாஸ்டர் போனை எடுத்து, இந்தத் தடவை முகம் தெரிகிற மாதிரி கூப்பிட்டார். தையல்நாயகி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, தன் வாளியைப் பார்த்தாள், கைப்பிடி மூங்கில் ஆகியிருப்பதைப் பார்த்தாள், பின்னால் நிற்கும் அத்தனை முகங்களையும் பார்த்தாள்.

"என்ன பாத்தீங்க?" என்று வழக்கம்போலக் கேட்டாள்.

"உன் பேரப் பாத்தேன். கண்ணாடிப் பொட்டிக்குள்ள, பட்டு விரிச்சு வச்சிருக்காங்க தையல்நாயகி."

தன் பேரை அவர் வாயால் கேட்டதும் அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு முழுக் கதையையும் சொல்லச் சொன்னாள். அவர் சொன்னார், முதல் தடவையாக அடுப்பைத் தாண்டிய ஒரு கதை. கேட்டு முடித்துவிட்டு, வாளியை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள் என்றாள். உறையை மட்டும் வேறு ஒன்றில் வாங்கிக்கொண்டு வாருங்கள், எங்கப்பா வெட்டின பேர் அங்கே பத்திரமாக இருக்கும், அவசரமில்லை என்று மறுபடி ஒரு தடவை சொல்லிவிடுங்கள். மிசாக்கி அதை மொழிபெயர்த்தபோது சலூன்காரர் வாய்விட்டே அழுதார்.

வேறு பாத்திரத்துக்கு எங்கே போவது என்று பார்த்தபோது, மூன்றாவது அறை முக்காலியில் அந்தக் கிண்ணம் இருந்தது. விரிசல் இருந்த இடத்தை யாரோ எப்போதோ அரக்கு வைத்து அடைத்திருந்தார்கள், ஒழுகவில்லை. கிமுரா அம்மாள் அதில் உறையை ஊற்றி, துணியால் முடிந்து மாஸ்டரின் கையில் கொடுத்து, ஏதோ சொல்லிக் குனிந்தாள். மெதுவாகக் கொடுத்தால் போதும் என்கிறாள் என்றாள் மிசாக்கி. அவர்கள் வெளியேறும்போது பின்கதவு திறந்து அண்டை வீட்டுப் பெண் வெறுங்கையோடு வந்து தன் இடத்தில் நின்றுகொண்டாள், கொஞ்சம் குனிந்து, முன்னைவிட நன்றாகச் சிரித்து. கிமுரா அம்மாள் சீட்டைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

ஆறு நாளும் நாற்பது பேருக்கும் கெட்டித் தயிர் கிடைத்தது. குளித்தலையில் செருப்பைக் கழற்றுவதற்குள் தையல்நாயகி கிண்ணத்தின் முடிச்சை அவிழ்த்து, விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். நம்மதுதான் என்றாள். அன்றைய பாலில் உறையை ஊற்றிவிட்டு, கிண்ணத்தைக் கழுவித் துடைத்துக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மாஸ்டர் தண்ணீருக்குக் காத்திருந்தார்.

"அடுத்தவங்க பாத்திரம், வெறுமனே திருப்பிக் குடுக்கக் கூடாது," என்றாள். "என்ன போட்டுக் குடுக்கலாம்னு நான் நேர்ல வந்து அந்தம்மாவைப் பாத்தாத்தான் தெரியும். பாஸ்போர்ட்டுக்கு என்னென்ன வேணும்னு ராயப்பன் சார்கிட்டக் கேளுங்க."

அவசரமில்லை என்று அவர் சொல்ல வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல், போனை எடுத்தார்.